முதல் டம்ளருக்கும் மூன்றாவது டம்ளருக்கும் நடுவே

நாலே நாலு கேள்விதான், மூச்சு விடாமல் சொன்னால் ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆனால் புருவம் கிழிந்து தையலுக்குக் காத்திருக்கும் ஒரு மனுஷனிடம் போய் நின்று, ஐயா என் பேர் பிலோமினா, இங்கே கவுன்சிலிங் பண்றேன், கேஷுவால்ட்டிக்கு வர்ற எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான், உங்களை மட்டும் கேக்கல, தப்பா நினைக்காதீங்க என்று ஆரம்பிப்பதற்குள் எனக்குத் தொண்டை காய்ந்துவிடுகிறது. குடியைக் குறைக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா. உங்க குடியைப் பத்தி யாராவது பேசினா எரிச்சல் வருதா. குடிச்சதுக்காக மனசு உறுத்தியிருக்கா. காலையில எழுந்ததும் கை நடுக்கம் நிக்கிறதுக்காகக் குடிச்சதுண்டா. அவ்வளவுதான். இந்த வருஷம்தான் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் இதை ஆரம்பித்தார்கள். காயத்தோடு வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் காயத்துக்குப் பின்னால் குடி இருக்கிறது, தையல் போட்டு அனுப்பிவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு காயத்தோடு வருவார்கள், காயம் ஆறுவதற்குள் கேட்டுவிட வேண்டும், ஆறிவிட்டால் காதும் மூடிக்கொள்ளும் என்று சிஸ்டர் மத்தில்டா சொல்வார். புருவம் கிழிந்தவர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், நல்ல சிரிப்பு, ரத்தம் காய்ந்த முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டாமல் நிற்கிறது. "குறைக்கணும்னு டெய்லி தோணும் மேடம், விடியக்காலம் தோணும், வெயில் சாயச் சாய மறந்துபோவும்" என்கிறார், சொல்லும்போது வாயிலிருந்து அந்த வாசனை வருகிறது, மத்தியானச் சரக்கு, பழைய சோறு புளித்த மாதிரி, அதன்மேல் பாக்கு, அதன்மேல் ஸ்பிரிட், நான் முகத்தைத் திருப்புவதில்லை, எல்லாரும் அதைப் பொறுமை என்று நினைக்கிறார்கள், பொறுமை இல்லை, எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

பிடிக்கும் என்றா சொன்னேன், சே, பிடிக்கும் இல்லை, ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறினதும் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்குப் போடும் நேரம் வந்துவிடுகிறது, என் வீட்டுக்காரர் சூசை மோட்டார் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு வந்து கை கழுவுகிறார். மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுகிற கை, எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் வார்னிஷ் போகாது. எவர்சில்வர் டம்ளரை எடுத்துவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருகிறார், நான் எதிரே வெங்காயம் உரிக்கிறேன், முதல் டம்ளர் உள்ளே போகும்வரை அவர் யாரோ ஒரு ஆள், கடையில் வந்து போனவர்களின் கவலையெல்லாம் முகத்தில் அப்பியிருக்கும், பிறகு மெதுவாக, தண்ணீரில் போட்ட கொட்டைப்பாக்கு ஊறுகிற மாதிரி அந்த முகம் இளகும், பிலோ என்பார், பிலோ, கரண்டு கம்பிக்குள்ளே எப்படிப் போகுதுன்னு உனக்குத் தெரியுமா. தெரியாது என்பேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போறாங்கல்ல, காவி கட்டிக்கிட்டு, அதே மாதிரிதான் போகுது, ஒருத்தன் முன்னாடி போறான்னு பின்னாடி இருக்கிறவன் போறான், கடைசில இருக்கிறவனுக்கு மாதா எங்க இருக்கான்னே தெரியாது, ஆனா நடக்கிறான், கால் கொப்புளிச்சுப்போயி நடக்கிறான், அந்தக் கொப்புளத்துச் சூட்டுலதான் பல்பு எரியுது. நான் வெங்காயத்தை வைத்துவிட்டுச் சிரிப்பேன், கண்ணில் தண்ணீர், அது வெங்காயமா சிரிப்பா தெரியாது. அந்த ஒரு மணி நேரம். எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் கரண்டுக்குக் கால் கொப்புளிப்பதைப் பற்றிப் பேசுவான். என் தங்கை புருஷன் குடிக்காதவர், சம்பளத்தைப் பைசா குறையாமல் கொண்டுவந்து கொடுக்கிறவர், அவர் என் தங்கையிடம் கேஸ் புக் பண்ணியாச்சா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை, அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது, மாதாவே, கர்வம்.

ஆனால் மூன்றாவது டம்ளர் என்று ஒன்று இருக்கிறது, அதையும் நினைக்க வேண்டும், அதை விட்டுவிட்டு இதை மட்டும் நினைப்பது பாவம், நான் வேண்டுமென்றே மூன்றாவது டம்ளரை நினைக்கிறேன், நாக்கில் காயம் இருந்தால் பல்லால் தொட்டுப் பார்க்கிற மாதிரி. மூன்றாவதுக்குப் பிறகு அதே வாய்தான், அதே நாக்குதான், ஆனால் பேசுகிறவர் வேறு ஆள். உங்கப்பன் எனக்கு என்ன செஞ்சான், நீ யாரைப் பாத்துச் சிரிச்ச, சோத்துல உப்பு ஏன் இல்ல. தட்டு பறக்கும். ஒருமுறை அந்தத் தட்டின் விளிம்பு பட்டுத்தான் என் முன்பல்லில் முனை உடைந்தது, இப்போதும் நாக்கு அங்கே போய் நிற்கிறது, ஐஸ் பெட்டிக்காரர் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் என் பல்லையே பார்க்கிறார், நான் உதட்டை மூடிக்கொள்கிறேன். இதே கேஷுவால்ட்டிக்குத்தான் சூசையைத் தூக்கிவந்தோம், ரத்த வாந்தி, பக்கெட்டில் ரத்தம், இவ்வளவு ரத்தம் ஒரு ஆள் உடம்பில் இருக்குமா என்று நான் நினைத்தேன், பயம் வருவதற்கு முன்னால் அந்த ஆச்சரியம்தான் வந்தது. அன்றைக்கு யாரும் நாலு கேள்வி கேட்கவில்லை. டாக்டர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், இனிமே தொட்டா ஆள் இல்லம்மா. சூசை அதைக் கேட்டார். தொடவில்லை. சத்தியம் பண்ணவில்லை, கோயிலுக்கு நேர்ந்துகொள்ளவில்லை, தொடவில்லை, அவ்வளவுதான், நாலு வருஷம் ஆகப்போகிறது, அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்து நீ கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். கொடுத்துவைத்தவள்தான். கடையை ஆறு மணிக்கே பூட்டுகிறார், அதே சுவரில் சாய்ந்து உட்காருகிறார், நான் வெங்காயம் உரிக்கிறேன், அவர் டிவி பார்க்கிறார், பார்ப்பதில்லை, டிவி இருக்கும் பக்கம் முகத்தை வைத்திருக்கிறார். சாப்பிடலாமா என்றால் சாப்பிடலாம். தூங்கலாமா என்றால் தூங்கலாம். என்மேல் ஒருநாளும் கை ஓங்கினதில்லை, ஒரு சுடுசொல் இல்லை, ஒரு சொல்லே இல்லை. எனக்கு அந்த ஆள் வேண்டும். இந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் அந்த ஆள் வேண்டும், இரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் கேட்பது, இதை யாரிடம் சொல்வது, குடிகாரர்களைத் திருத்துகிற வேலையில் இருந்துகொண்டு என் புருஷன் குடித்த காலத்துக்கு ஏங்குகிறேன் என்று சிஸ்டர் மத்தில்டாவிடம் சொன்னால் ஜெபமாலையைக் கையில் கொடுத்து மாடியில் இருக்கும் சிற்றாலயத்துக்கு அனுப்பிவிடுவார்.

ஐஸ் பெட்டிக்காரரைத் தையல் அறைக்குள் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை வாங்க, சும்மா பேசலாம் என்றேன், வரேன் மேடம் என்றார், வரமாட்டார், வந்தாலும் வரலாம். அடுத்த கட்டிலில் தோள் இறங்கிப்போன ஒரு பையனுடைய அப்பா, அவர் நாலுக்கும் இல்லை என்றார், அவர் சொன்ன இல்லையில் நிஜமாகவே இல்லை இருந்தது. அதற்கடுத்த கட்டிலில் ஒரு அம்மா. ஐம்பத்தைந்து அறுபது இருக்கும், பாசிப்பச்சை வாயில் புடவை, இடது மணிக்கட்டு வீங்கி அட்டை வைத்துக் கட்டியிருந்தது, காதில் பழங்காலத்து வைரத் தோடு. சௌந்தரவல்லி, கொல்லைப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். புருஷன் கட்டட காண்ட்ராக்டர், வாசல் பக்கம் நின்று போனில் யாரையோ, லாரி இன்னும் வரலைன்னா கம்பி கட்டுறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது என்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன், வலிக்குதாம்மா, எக்ஸ்ரே இப்ப வந்துடும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நகர்ந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை, கால் தானாக அடுத்த கட்டிலுக்குப் போனது. எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் விதி, ஆனால் பெண்களிடம் நாங்கள் கேட்பதில்லை, வீட்டுக்காரர் குடிப்பாரா என்று வேண்டுமானால் கேட்போம், யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, நாங்களாகவே செய்துகொண்டோம்.

"ஏம்மா." குரல் பின்னால் இருந்து வந்தது, மெதுவாக, ஆனால் கூப்பிட்டுப் பழகிய குரல். "அந்தப் பக்கம் கேட்டீங்க, இந்தப் பக்கம் கேட்டீங்க. என்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

திரும்பினேன். ஏலக்காய் வாசனை. இவ்வளவு நேரம் அது ஏலக்காய் என்றுதான் நினைத்திருந்தேன், பணக்கார வீட்டு வாசனை என்று. ஏலக்காய்க்கு அடியில் அது இருந்தது. என் மூக்கை நான் நம்பி வாழ்கிறவள், சூசை தெருமுனை திரும்பும்போதே எத்தனையாவது டம்ளர் என்று சொல்லிவிடுவேன், அந்த மூக்கு ஒரு வைரத் தோட்டைப் பார்த்து ஏமாந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேக்கிறேம்மா என்றேன். நாலையும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என் முகத்தைப் பார்த்து ஆமா என்றார், பரீட்சையில் எழுந்து நின்று பதில் சொல்கிற பிள்ளை மாதிரி, ஒரு நிம்மதியோடு, இரண்டாவது கேள்விக்கு மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, "யாரும் என் குடியைப் பத்திப் பேச மாட்டாங்க, யாருக்குத் தெரியும்? ஆனா பேசினா எரிச்சல் வரும்னு நினைக்கிறேன்" என்றார். நாலாவதற்கு ஆமா சொல்லும்போது மட்டும் அட்டை கட்டாத கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கியது. "எங்க வீட்டுக்காரர் தொடமாட்டார். கெஸ்ட்டுக்குன்னு அலமாரியில பாட்டில் இருக்கும். எடுத்த அளவுக்குப் பால் விடாத டீயை ஊத்தி வெச்சிருவேன். காபி டபராவுலதான் குடிப்பேன். யாராவது வந்தாலும் காபின்னு நினைச்சுப்பாங்க."

எப்ப ஆரம்பிச்சதும்மா என்று கேட்டேன். பொண்ணு கல்யாணம் ஆகிப் போனப்புறம் என்றார். பொண்ணு ஆஸ்திரேலியாவில். வீடு பெரிது, புருஷனே கட்டினது, மேலே கீழே பத்து ரூம், பேசினால் எதிரொலி வரும். "முதல்ல தூக்கம் வரணும்னுதான் எடுத்தேன். அப்புறம் பாத்தா, கொஞ்சம் உள்ளே போனதும் எனக்குப் பேச்சு வருது. சத்தியமாச் சொல்றேன், நான் நல்லாப் பேசுறேன். பிரிட்ஜ்கிட்டப் பேசுவேன், ஜன்னல்கிட்டப் பேசுவேன். எங்க மாமியார் மாதிரி பேசிக் காட்டுவேன், எங்க காலேஜ் வார்டன் மாதிரி நடந்து காட்டுவேன். எனக்கே சிரிப்புத் தாங்காது. நான் இவ்வளவு வேடிக்கையான ஆளுன்னு முப்பத்தஞ்சு வருஷமா யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது." வாசலில் காண்ட்ராக்டர் சிமெண்டு என்றார், திங்கட்கிழமை என்றார். "விடச் சொல்லுவீங்க. தெரியும். விடணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன், இன்னிக்கு மணிக்கட்டு, நாளைக்குத் தலையாகூட இருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. நான் விட்டுட்டா, அந்தப் பேசுறவ எங்க போவா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். குடி இல்லாமலேயே நீங்கள் அப்படி இருக்க முடியும், உள்ளே இருப்பதைத்தான் அது வெளியே கொண்டுவருகிறது, நடைப்பயிற்சி, தியானம், பாட்டு. வாயைத் திறந்தேன், அந்த வார்த்தைகள் வரிசையாக நின்றன, ஒன்றும் வெளியே வரவில்லை, ஏனென்றால் நான் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு அதைப் பார்க்கிறேன், பேசுகிறவர் எங்கே போனார் என்று சுவரையும் டிவியையும் பார்க்கிறேன். பொய் சொன்னால் இந்த அம்மா வியாழக்கிழமை வரமாட்டார், உண்மையைச் சொன்னாலும் வரமாட்டாரோ என்று பயம். "தெரியலம்மா" என்றேன். "எங்க வீட்டுக்காரர் குடிச்சாரு. விட்டாரு. விட்டதுலேருந்து பேச்சு இல்ல." அவர் முகம் மாறவில்லை. "அப்போ விட்டது தப்புங்கிறீங்களா?" "இல்லம்மா. விடலைன்னா அவரைப் புதைச்சிருப்பேன். உயிரோட இருக்காரு. காலையில எழுந்து பக்கத்துல மூச்சு கேக்குதான்னு பாக்கிறேன், கேக்குது. ஆனா பேச்சு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல." அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் நோயாளி, அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. "நீங்க அவர்கிட்டக் கேட்டீங்களா?" என்றார். "எதைம்மா?" "எங்க போச்சுன்னு." கேட்கவில்லை. முதல் வருஷம் முழுக்க எங்க போனீங்க, யாரோட நின்னீங்க, வாயை ஊதுங்க என்று கேட்டேன். அப்புறம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று நிறுத்திவிட்டேன். இவ்வளவு பேரிடம் கேட்கிறேன், முன்பின் தெரியாத ஐஸ் பெட்டிக்காரரிடம் மனசு உறுத்தியிருக்கா என்று கேட்கிறேன்.

காண்ட்ராக்டர் உள்ளே வந்தார், நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார், கையில் இளநீர் இருந்தது. "என்ன, டாக்டர் என்ன சொன்னாராம்? என்ன பேசிட்டிருக்கீங்க?" சௌந்தரவல்லி அம்மா இளநீரை வாங்கிக்கொண்டு, "பேசிட்டிருக்கோம்" என்றார், அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துச் சுவைத்த மாதிரி சொன்னார். புருஷன் மறுபடி போனை எடுத்துக்கொண்டு பில் கட்டுகிற இடத்துக்குப் போனதும் நான் குனிந்து, எலும்பைச் சேர்க்க மயக்கமருந்து கொடுப்பாங்கம்மா, டாக்டருக்கு மட்டும் இது தெரியணும், திடீர்னு ஒரேயடியா நிறுத்தினாலும் உடம்பு உதறும், வலிப்புகூட வரும், மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும், நீங்க சரின்னா சொல்றேன், இல்லைன்னா சொல்லல என்றேன். நெடுநேரம் இளநீர்க் குழாயைக் கடித்துக்கொண்டிருந்தார். "டாக்டருக்குச் சொல்லுங்க. இவருக்கு நானே சொல்லிக்கிறேன். இன்னிக்கு இல்ல." சரிம்மா என்றேன். "வியாழக்கிழமைன்னு அந்தப் புருவம் கிழிஞ்சவர்கிட்டச் சொன்னீங்களே, நானும் வரலாமா? அட்வைஸ் பண்ணுவீங்கன்னா வரல." "வாங்கம்மா. வார்டன் எப்படி நடப்பாங்கன்னு காட்டுங்க." அவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் அசைய. இளநீர் புடவையில் சிந்தியது, நான் துடைத்துவிட்டேன், அப்போது அந்த நடுங்குகிற கை என் கையைப் பிடித்தது, நெருப்பு மாதிரி சுட்டது, காய்ச்சல் இல்லை, குடி கேட்கிற உடம்பின் சூடு, எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு வினாடி அந்தக் கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளை கேட்டீங்க என்றார். நான் கேட்கவில்லை டாக்டர் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது சூசை கேட்டுக்கு எதிரே மொபெட்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார், வழக்கம்போல. இன்னும் வெளிச்சம் இருந்தது. ஏறிக்கொண்டேன். வழக்கம்போல மார்க்கெட், வழக்கம்போல ரயில்வே கேட், அவருடைய முதுகு என் முகத்துக்கு முன்னால், சட்டையில் வார்னிஷ் வாசனை, வியர்வை வாசனை, வேறு எதுவும் இல்லை, எதுவும் இல்லாத வாசனை. ஆற்றுப்பாலம் வந்தது. கேட்டுவிடு, இல்லை வீட்டில் கேட்கலாம், வீட்டில் டிவி இருக்கும், கேட்டால் என்ன ஆகும், கேட்டால் அவருக்குத் தாகம் வந்துவிட்டால், எதையாவது கிளறிவிட்டால், டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், பக்கெட், சிவப்பு, வேண்டாம், பாலம் முடியப்போகிறது, முடிந்தால் முடிந்தது. வண்டியை நிறுத்துங்க என்றேன். என் குரல் எனக்கே கத்தல் மாதிரி கேட்டது. ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்ன பிலோ, உடம்பு முடியலையா?"

"இல்லங்க. ஒண்ணு கேக்கணும். நீங்க முன்னாடி மாதிரி என்கிட்டப் பேசுறதே இல்லையே. உங்களுக்குப் பேசணும்னு தோணலையா?"

ஒரு பஸ் போனது, பாலம் அதிர்ந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான், மணல்திட்டில் கொக்குகள். ஹேண்டில்பாரில் இருந்த தன் விரல்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், கோபம் வந்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன். "தோணும்" என்றார். "டெய்லி தோணும். ஆனா என்ன பேசினேன்னு ஒண்ணுமே ஞாபகம் இல்ல பிலோ. காலையில எழுந்தா எல்லாம் அழிஞ்சுபோயிருக்கும். திட்டினது, அடிச்சது, அதையெல்லாம் மத்தவங்க சொல்லித்தான் தெரியும். ஆனா நீ சிரிச்சது ஞாபகம் இருக்கு. எதிர்ல உக்காந்து வெங்காயத்தைக் கீழ வெச்சுட்டுச் சிரிப்பே. நீ எதுக்குச் சிரிச்சேன்னு மட்டும் தெரியாது. டெய்லி யோசிக்கிறேன், நான் என்ன சொன்னா நீ சிரிப்பேன்னு. ஒண்ணும் வரமாட்டேங்குது. தப்பா எதையாவது சொல்லிடுவேனோன்னு சும்மா இருந்துடுறேன்."

நாலு வருஷமாக அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு இவர் இதையா யோசித்துக்கொண்டிருந்தார். டிவி பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. நான் அவருக்கு எதிரே, ஒரு கை தூரத்தில், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதுவிட்டால் இது கெட்டுப்போகும், அழக்கூடாது. "நான் சொல்லட்டுமா" என்றேன். "சொல்லு." கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டோம். "ஒருநாள் தண்ணி மோட்டார் ஒண்ணு ரிப்பேருக்கு வந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு, ஆனா அந்த வீட்டுல போயி மாட்டினா ஓடாது, கடைக்குக் கொண்டுவந்தா ஓடும். நீங்க வந்து சொன்னீங்க, பிலோ, அந்த மோட்டார் என்கிட்டப் பேசிச்சு. அந்த வீட்டுல என்னை எல்லாரும் ஏய் போடு, ஏய் நிறுத்துன்னு கூப்பிடுறாங்க, எனக்கும் ஒரு பேர் வேணாமா, பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லு, இறைக்கிறேன்னு அழுவுது, அப்படின்னீங்க. மோட்டார் மாதிரியே அழுது காட்டினீங்க."

"நானா சொன்னேன் அப்படி?"

"நீங்கதான்."

"அதுக்குப் பேர் என்ன வெச்சேன்?"

"வெக்கலையே. நல்ல பேரா யோசிக்கிறேன்னு சொன்னீங்க. அதுக்குள்ள அடுத்த டம்ளர்."

அவர் ஆற்றைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, கடையில் எரிந்த காயிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே அறுந்திருக்கிறது என்று தேடும்போது சுருங்குமே, அப்படி. கொக்குகள் எழுந்து பறந்து மறுபடி அதே திட்டில் இறங்கின. நேரம் போய்க்கொண்டே இருந்தது, வராது என்று எனக்குத் தோன்றியது, வராவிட்டாலும் பரவாயில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"ஞானாதிக்கம்" என்றார்.

"எங்கப்பா பேருங்க அது!"

"தெரியும்" என்றார் சூசை, மொபெட்டை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "அவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாரு."